கைகண்ட பாடம்

சொளகில் இரண்டு கை ஏலக்காயைப் பரப்பி வைத்தேன். பேத்திக்கு அப்போது மூன்றரை வயது. பச்சைக் காயெல்லாம் இடப்பக்கக் கிண்ணத்தில், வெளுத்த காயெல்லாம் வலப்பக்கக் கிண்ணத்தில் என்று சொன்னேன். தலை நிமிராமல் பிரித்துப் போட்டாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டையும் மறுபடி சொளகில் கொட்டிக் கலந்தேன். "இப்ப வேற ஆட்டம். பெரிய காய் இந்தக் கிண்ணத்துல, சின்னக் காய் அந்தக் கிண்ணத்துல. எங்க சொல்லு, பெருசு எதுல போடணும்?" இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "சிறுசு?" வலப்பக்கத்தைக் காட்டினாள். பிறகு பருத்த, வெளுத்த காய் ஒன்றை எடுத்தாள். நேராக வலப்பக்கத்தில் போட்டாள். அடுத்த காயும் அப்படியே. நிறம் பார்த்தேதான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு. வாய் புது விதியைச் சொல்லும், கை பழைய விதியில் போகும். மூன்று வயதின் இயல்பு அது. கனடாவில் பிலிப் செலாசோவும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதைப் படச்சீட்டுகள் வைத்து ஆராய்ந்தார்கள். சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்துச் சீட்டுகளைப் பிரிக்கச் சொன்னால் மூன்று வயதுக்காரர்கள் நன்றாகப் பிரித்தார்கள். அதே சீட்டுகளை இப்போது படத்தின் உருவம் பார்த்துப் பிரி என்றதும், புது விதியைக் கேட்டால் சரியாகச் சொன்னார்கள், கை மட்டும் நிறத்தையே பின்பற்றியது. நான்கு, ஐந்து வயதில் இது பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் பழக்கமானதை நிறுத்தி வைத்துவிட்டுப் புதியதைச் செய்யவைக்கிறது. உடம்பில் மெதுவாக முதிரும் உறுப்புகளில் அதுவும் ஒன்று.

இதற்கு அடுத்து வந்த ஆய்வுதான் எனக்கு உதவியது. 2003-ல் அடேல் டயமண்டும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு சீட்டைக் கொடுக்கும்போதும் "இது என்ன உருவம்?" என்று குழந்தையையே சொல்லவைத்தார்கள். சொல்லிவிட்டுப் போட்ட மூன்று வயதுக்காரர்களில் பெரும்பாலோர் சரியாகப் போட்டார்கள். மறுநாள் நானும் அப்படியே செய்தேன். காயை எடுத்ததும் "இது பெருசா, சிறுசா?" "பெருசு." வாய் சொன்னதும் கை ஒரு நொடி நின்றது. பிறகு இடப்பக்கம் போனது.

வீட்டில் குழந்தைக்குக் கைவேலை கொடுப்பது பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது. பொருள் குழந்தையின் கையில் இருக்க வேண்டும், பெயர் குழந்தையின் வாயில் வர வேண்டும், கேள்வி கேட்க ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போடி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் எங்கள் போடிநாயக்கனூரில் காய் பிரிப்பது பலருக்குச் சோறு போடும் வேலை. ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் மலைமேல் இடுக்கிப் பக்கம் இருக்கின்றன. காய் விலைபோகும் இடங்களில் ஒன்று எங்கள் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்திய காயைத் தேய்த்துக் காம்பும் தூசும் போக்கியபின் சல்லடையில் இடுவார்கள். 8 மில்லிமீட்டர் துளைக்கு மேலே நிற்பது ஒரு தரம். 7-ல் நிற்பது அடுத்த தரம். அப்படியே இறங்கும். அதற்குப் பிறகுதான் பெண்களின் வேலை. வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது என்று கண்ணும் விரலுமாகப் பொறுக்கித் தள்ளுவார்கள். என் தாயாரும் அந்த வரிசையில் உட்கார்ந்தவர். அரிசி, அதாவது விதை, வைக்காத சண்டுக் காயை அவர் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார், தொட்டுக் கண்டுபிடிப்பார். எப்படி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும் என்பார்.

அந்தச் சல்லடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பிழையை அது தானே காட்டும். பெரிய காய் துளைக்குள் இறங்காது. யாரும் வந்து "தப்பு" என்று சொல்லத் தேவையில்லை. மரியா மாண்டிசோரி குழந்தைகளுக்காக வடிவமைத்த உருளைக் கட்டைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு மரத்துண்டில் பத்துக் குழிகள், பத்து உருளைகள், ஒவ்வொன்றும் ஒரு பருமன். தவறான குழியில் போட்டால் உருளை ஆடும், அல்லது இறங்காது, அல்லது கடைசியில் ஒன்று இடமில்லாமல் மிஞ்சும். குழந்தை பெரியவர் முகத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அந்த அம்மையார், 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். மறுவருஷம் இத்தாலி ஆங்கிலேயருக்கு எதிராகப் போரில் இறங்கியதால் அவர் பகை நாட்டவர் ஆனார். ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். கொடைக்கானல் எங்களுக்கு வடகிழக்கே, இதே மலைத்தொடரின் ஒரு கிளையில் இருக்கிறது. அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகளோடு செடிகொடி, பூச்சி, மண், மழை என்று சுற்றிலும் இருந்ததையே பாடமாக்கியபோதுதான் அவரது பிற்காலச் சிந்தனை உருப்பெற்றது. இந்த மலைக்காற்றில் உருவான கல்விமுறை ஒன்று உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியாது. தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் மாண்டிசோரி சாதனங்கள் விலை கூடியவை. ஏழைக் குழந்தைக்கு அவை எட்டுமா? இந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் சொன்னவர்கள் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு பெண்கள். மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்றொரு சிற்றூர். பெயரைக் கேட்டாலே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. 1945-ல் அங்கே அவர்கள் கிராமப் பாலர் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். பிறகு 1957-ல் அருகிலுள்ள கோஸ்பாட் மலைப்பகுதியில் பழங்குடிக் குழந்தைகளிடம் போனார்கள். உருளைக் கட்டைக்குப் பதில் சிப்பி, விதை, கூழாங்கல், இலை, பூ. வகுப்பறைக்குப் பதில் வீட்டு முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லே அந்த முற்றத்துப் பள்ளிகளிலிருந்து வந்ததுதான். எங்கள் ஊரில் இன்றும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்கிறோம்.

ஆக, கடைக்குப் போக வேண்டாம். அடுப்படியில் கோதுமைச் சல்லடையும் மாவுச் சல்லடையும் இருக்கும். ரவை, கேழ்வரகு, கொண்டைக்கடலை மூன்றையும் ஒரு தட்டில் கலந்து குழந்தையிடம் கொடுத்தால் போதும். எது நிற்கும், எது இறங்கும் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சலிக்கட்டும். சிந்தும்; கூட்டிக்கொள்ளலாம். கூட்டுவதையும் குழந்தையே செய்யும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்தப் பொடிச் சாமான் எதுவும் வேண்டாம். கடலை, புளியங்கொட்டை, ஏலக்காய் எல்லாம் மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடியவை. வாயில் போடும் பழக்கம் இருந்தால் நான்கு வயதானாலும் வேண்டாம். அந்த வயதுக்குக் கொட்டாங்குச்சி, மரக்கரண்டி, எவர்சில்வர் பாத்திரமும் மூடியும், மணியெல்லாம் உதிர்த்த மக்காச்சோளக் கதிர் என்று வாய்க்குள் போகாத பொருள்கள் நிறைய இருக்கின்றன. பெரிய குழந்தை விளையாடும்போதும் ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் வாளியருகே விளையாடும்போதும் இதுவேதான்.

கையால் புழங்கிய பொருள் அறிவை மாற்றுமா என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று மெக்சிகோவிலிருந்து வருகிறது. குழந்தை மனத்தை ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜான் பியாஜே ஒரு எளிய சோதனை வைத்திருந்தார். இரண்டு ஒரே மாதிரி டம்ளரில் சமமாகத் தண்ணீர். ஒன்றைக் குழந்தையின் கண்முன்னே ஒல்லியான நெடிய பாத்திரத்தில் ஊற்றுவார். எதில் அதிகம்? ஐந்து வயதுக் குழந்தை நெடியதைக் காட்டும். களிமண் உருண்டையைப் பாம்புபோல் உருட்டினால் மண் கூடிவிட்டது என்று சொல்லும். ஏழு வயதையொட்டி இது தெளிகிறது. 1969-ல் வெளியான ஓர் ஆய்வில், மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளையும் அதே வட்டாரத்தில் வேறு தொழில் செய்வோரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். களிமண் சோதனையில் குயவர் வீட்டுப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். மண்ணைப் பிசைந்து, உருட்டி, தட்டி, மறுபடி உருண்டையாக்கிய கைகளுக்கு, வடிவம் மாறினாலும் மண் மாறாது என்பது பழக்கத்தில் தெரிந்திருக்கிறது.

இதை வெறும் சொல்லால் புரியவைப்பது கடினம். நான் முயன்று பார்த்திருக்கிறேன். "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் நெடிய டம்ளரைத்தான் கேட்பாள். ஊற்றி ஊற்றிப் பார்க்கத்தான் வேண்டும். கொல்லையில் ஒரு அகலச் சட்டி, ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு புனல் இருந்தால் ஒரு மதியம் போய்விடும். வாளித் தண்ணீரில் எங்கள் ஊர்ச் சரக்கையே போட்டுப் பார்க்கலாம். கொட்டகுடி ஆற்றுக் கூழாங்கல் மூழ்கும். இலவம் பஞ்சு மிதக்கும். அது ஏன் நனையாமல் மிதக்கிறது? ஒவ்வொரு இழையும் மெழுகு பூசிய வெற்றுக்குழல், உள்ளே காற்று. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தார்கள். காபித் தோட்டத்தில் பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் நிறைந்த பழம் அடியில் போகும், பொக்கு மேலே வரும். தொழிலாளிகள் அதை அரித்து எடுத்துவிடுவார்கள். குழந்தை வாளியில் செய்கிற சோதனையைத்தான் தோட்டக்காரரும் தொட்டியில் செய்கிறார். போடுவதற்கு முன்னால் "மூழ்குமா, மிதக்குமா?" என்று கேளுங்கள். தவறான ஊகத்தைத் திருத்தாதீர்கள். தண்ணீர் திருத்தும்.

இனி எண். வீட்டுக்கு யாராவது வந்தால் நாம் முதலில் கேட்பது "ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்" என்பதுதான். குழந்தை இருபதுவரை ஒப்பிக்கும், கைதட்டுவோம். ஆனால் அதே குழந்தையிடம் "மூணு ஏலக்காய் எடுத்து அம்மாச்சி கையில குடு" என்று கேளுங்கள். ஒரு பிடி அள்ளித் தரும். அமெரிக்க உளவியலாளர் காரன் வின் 1990-களின் தொடக்கத்தில் இதைப் படிப்படியாக ஆராய்ந்தார். வரிசையை ஒப்பிக்கத் தெரிந்தபின்னும் குழந்தைக்கு 'ஒன்று' என்பதன் பொருள் முதலில் புரிகிறது. மாதக்கணக்கில் கழித்து 'இரண்டு'. இன்னும் சில மாதம் போனால் 'மூன்று'. பிறகு ஒருநாள், எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம் எத்தனை என்பதற்கு விடை என்ற உண்மை பிடிபடுகிறது. பெரும்பாலும் மூன்றரைக்கும் நான்கு வயதுக்கும் நடுவே. எண்ணிக்கையின் கதவு அங்கேதான் திறக்கிறது. ஒப்பிக்கச் சொல்வதால் அது திறப்பதில்லை. "நாலு கரண்டி எடுத்து வை", "ஆளுக்கு ஒரு தட்டு போடு", "ரெண்டு வெங்காயம் கொண்டா" என்று வீட்டு வேலையோடு வருகிற சிறு எண்கள்தான் அதைத் திறக்கின்றன.

சிறு எண்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. எண்ணாமலே கண் அவற்றைப் பிடிக்கும். 1871-ல் ஆங்கிலப் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளைச் சிதறவிட்டு, ஒரே பார்வையில் எத்தனை என்று ஊகித்து, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை. மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து பிசகத் தொடங்கியது. நேச்சர் இதழில் அதை எழுதினார். எங்கள் பாட்டிமார் ஜெவன்ஸைப் படித்ததில்லை. ஆனால் பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் "பசு" என்று சொல்லி அள்ளுவார்கள். யாரும் நின்று எண்ணமாட்டார்கள். பார்த்த உடனே கை போகும். கண் ஒரே வீச்சில் பிடிக்கிற எல்லையிலேயே அந்த ஆட்டத்தின் முக்கிய விதி நிற்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் பயிற்சி. பசு அள்ளுவது பார்த்ததும் அறியும் பயிற்சி. நான்கு வயதுக் குழந்தைக்கு முழு ஆட்டமும் வராது. வேண்டியதில்லை. குழியில் போட்டுப் போகவும் பசுவைக் கண்டுபிடிக்கவும் தெரிந்தால் போதும். கொஞ்சம் வளர்ந்தால் "ஒத்தையா ரெட்டையா". கைக்குள் மூடிய புளியங்கொட்டையை இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்கும்போது கடைசியில் துணையில்லாமல் ஒன்று நிற்கும். ஒற்றைப்படை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

தமிழும் கைகொடுக்கிறது. பத்தும் ஒன்றும் பதினொன்று, பத்தும் மூன்றும் பதின்மூன்று. சொல்லைக் கேட்டாலே உள்ளே பத்து இருப்பது தெரியும். ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றில் பத்து ஒளிந்துகொள்கிறது. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1995-ல் வந்தது. பத்துவரை இரு தரப்பும் சமம். பத்தைத் தாண்டியதும், எண்ணுப்பெயர் ஒளிவுமறைவில்லாத சீனக் குழந்தைகள் முன்னே போனார்கள். ஆகவே குழந்தைக்கு முதலில் தமிழிலேயே எண்ணக் கற்றுக்கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஓர் இடத்தில் நம் மொழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எட்டுப் பத்து எண்பது. ஆனால் ஒன்பது பத்து தொண்ணூறு. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் பெயர் உண்டு, அதன் தடம் அது. எண்பத்தொன்பதில் பிள்ளை தடுக்கி விழுந்தால் மொழியின் வரலாற்றில்தான் தடுக்கியிருக்கிறது.

அடுத்தது எழுத்து. இதில்தான் எனக்கு மனக்குறை அதிகம். மூன்று வயதிலேயே புள்ளி புள்ளியாக அச்சடித்த எழுத்தின் மேல் பென்சில் ஓட்டும் நோட்டுகள் வீடு வீடாக வந்துவிட்டன. பக்கம் நிறைந்தால் பெற்றோருக்கு நிம்மதி. 2012-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் காரின் ஜேம்ஸ் என்பவரும் உடன் ஆய்ந்தவரும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் பதினைந்து பேருக்கு மூன்று விதமாக எழுத்துகளைப் பழக்கினார்கள்: கோட்டின்மேல் வரைதல், விசைப்பலகையில் தட்டுதல், வெறும் தாளில் தாமே எழுதுதல். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்புக்கு உரிய பகுதிகள் இயங்கியது தாமே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான். சிறிய ஆய்வுதான், இருந்தும் காரணம் யோசிக்கத்தக்கது. தானே எழுதினால் 'அ' ஒவ்வொரு முறையும் கோணலும் மாணலுமாக வேறு வேறாக வரும். இத்தனை கோணலுக்குள்ளும் மாறாமல் இருப்பதுதான் 'அ' என்று மூளை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. புள்ளிக்கோடு அந்த வேலையைக் குழந்தையிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. எல்லாம் எலும்பாக முதிர ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கைக்குப் பென்சிலுக்கு முன்னால் எத்தனையோ வேலை இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, பூண்டு உரிப்பது, பூத்தொடுக்க நார் கிழிப்பது, ஏலக்காயை நகத்தால் பிளப்பது. பிளந்தால் உள்ளே மூன்று அறை. ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு கறுத்த விதைகள். மூன்று அறையையும் தானே கண்டுபிடித்த நாளில் என் பேத்தி வீட்டிலிருந்த அத்தனை காயையும் பிளந்துவிட்டாள். ஒரு வாரம் டீயெல்லாம் மணத்தது. எழுதவேண்டுமென்றால் தாம்பாளத்தில் ஆற்றுமணலைப் பரப்பி விரலால் எழுதட்டும். அழித்தால் அழியும், பிழைக்குத் தழும்பு இல்லை. காலையில் கோலம் போடும்போது ஒரு ஓரத்தைக் குழந்தைக்கு விடுங்கள். அதன் கோடு வளைந்து போகும். போகட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையாக இருக்கமாட்டேன். விடியுமுன்னே ஜீப்புகள் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையேறுகின்றன; ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்துப் பெண்கள். ஏலச்செடியில் காய் தலைக்குமேல் தொங்காது. தூரில் தரையோடு ஓடும் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுத்துவிட்டு இருட்டும்போது இறங்கும் தாயிடம் "குழந்தையோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடம்மா" என்று எந்த முகத்தோடு சொல்வது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் இடத்தில், அல்லது அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தால், காப்பகம் வேண்டும் என்று விதித்தது. ஆனால் கீழே ஊரிலிருந்து தினம் ஏறிப்போகிறவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? குழந்தை பால்வாடியில், அல்லது அம்மாச்சியிடம், அல்லது அப்பத்தாவிடம். எங்கள் தெருவில் பகலெல்லாம் குழந்தைகளும் கிழவிகளும்தான்.

அதனால் நேரத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்: எவ்வளவு போதும்? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களின் நடுவில் சாலி கிராந்தம்-மெக்ரிகரும் குழுவினரும் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போனார். கையில் பழைய பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான். குழந்தையோடு எப்படிப் பேசி ஆடுவது என்பதைத் தாய்க்குக் காட்டிவிட்டு வருவார். இரண்டே வருஷம். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள், அந்த வருகை கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2014-ல் சயன்ஸ் இதழில் வெளியான முடிவு இது. ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் அதே முறையைப் பதினெட்டு மாதம் செய்து பார்த்தார்கள். குழந்தைகளின் அறிவாற்றல் கூடியது. இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் பாலர் பள்ளி வயதையும்விடச் சிறியவர்கள். ஆனாலும் வாரத்துக்கு ஒரு மணி, செலவில்லாத சாமான், சொல்லித்தர ஒரு ஆள் என்ற கணக்கு எங்கள் ஊருக்கும் கட்டுப்படியாகும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. பால்வாடி இல்லாத தெருக்கூட்டம் இன்று குறைவு. "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்குப் பாடத்திட்டமே இருக்கிறது. அந்த ஆட்டங்களை டீச்சரம்மா மாதம் ஒருமுறை கிழவிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினால் என்ன? சொளகும் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பாதி ஆட்டத்தை அவர்களே டீச்சருக்குக் காட்டுவார்கள்.

போன வருஷம் பேத்திக்கு நான்கரை ஆனபோது போடிமெட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் பதினேழு புளியங்கொட்டையை எண்ணி அவள் பையில் போட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றை எடுத்து என் சுருக்குப்பையில் போட வேண்டும். இதற்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. சீக்லர், ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் ஏழைக் குழந்தைகளோடு, ஒன்றிலிருந்து பத்துவரை வரிசையாகக் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம். அதற்கே எது பெரிய எண், எது எங்கே நிற்கும் என்ற அறிவு அந்தக் குழந்தைகளிடம் தெளிவாகக் கூடியது. எண் கூடக்கூடத் தூரமும் நேரமும் கை நகர்வும் சேர்ந்தே கூடுவதுதான் ரகசியம். போடிமெட்டுச் சாலை அதே பலகைதான், மலையளவு பெரியது. எண்ணோடு சேர்ந்து உயரமும் ஏறுகிறது, காதும் அடைக்கிறது, குளிரும் கூடுகிறது. பன்னிரண்டாவது வளைவில் தன் பையைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்றாள். கழித்தலை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கீழே கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனபோது உப்பித் தலையணை மாதிரி நின்றது. அமுக்கிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், "உள்ள யாரு ஊதுனா?" என்றாள். போடியிலிருந்து போடிமெட்டு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை அங்கேயே இறுக்கி மூடி அவள் மடியில் வைத்தேன். "தெறக்கக் கூடாது. பாத்துக்கிட்டே வா."

பத்தாவது வளைவுக்குக் கீழே பாட்டில் ஒருமுறை சொடுக்கியது. முந்தலுக்கு வரும்போது அதன் இடுப்பு ஒடுங்கியிருந்தது. இரண்டு கையாலும் தடவினாள். யாரும் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மடியைவிட்டு அது இறங்கவே இல்லை. போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் திறக்கலாமா என்று கேட்டாள். திறந்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். பாட்டில் பழையபடி நிமிர்ந்தது. மறுபடி மூடினாள். காதில் வைத்துக் கேட்டாள். திறந்தாள். ஒன்றுமில்லை.

"அம்மாச்சி, திரும்ப மேல போவோம்" என்றாள். "இந்தத் தடவ ரெண்டு பாட்டில் கொண்டு போவோம். ஒண்ணு மூடி, ஒண்ணு மூடாம."